எண்பது காட்டும் டயர்

அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தின் தலைநகர் பீனிக்ஸ். பாலைவனத்து ஊர். அங்கிருந்து வடக்கே சுமார் 230 கிலோமீட்டர் தூரத்தில், மலைமேல், ஃபிளாக்ஸ்டாஃப் என்ற ஊர் இருக்கிறது. கோடை வந்துவிட்டால் பீனிக்ஸ்வாசிகள் வெயிலுக்குத் தப்பி இந்த மலையூருக்குப் புறப்படுவார்கள். சிலர் தங்கும் வீட்டையே உடன் இழுத்துச் செல்வார்கள். கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் அமைந்த நீண்ட பெட்டி; பக்கத்துக்கு இரண்டாக அடியில் நான்கு டயர்கள்; இழுப்பதற்கு முன்னால் ஒரு கார் அல்லது சிறு லாரி. இந்தப் பெட்டிக்கு டிரெய்லர் என்று பெயர்.

ஜூலை மாதத்தில் ஒருவர் இப்படிப் போய்க்கொண்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். அவர் கண்ணெதிரே உள்ளங்கை அகலத்தில் ஒரு திரை. டிரெய்லரின் நான்கு டயர்களிலும் உள்ள காற்றழுத்தத்தை அது காட்டுகிறது: 89, 88, 80, 89. சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்பது கணக்கு. புறப்படும் முன் நிரப்பவேண்டிய அளவு 80 பவுண்டு. இப்போது சொல்லுங்கள், எந்த டயரில் கோளாறு?

இந்தக் கேள்வியை என் வகுப்பில் கேட்டால், "80 காட்டுவதுதான் சரியான டயர்; மற்ற மூன்றிலும் காற்று அதிகம்" என்று பாதிப் பேராவது சொல்வார்கள். உண்மை நேர்மாறானது. அந்த 80தான் ஆபத்தான எண். ஏன் என்று பார்ப்போம்.

ஒரு ரப்பர் பந்தை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து கீழே விடுங்கள். அது ஒரு மீட்டர் உயரத்துக்குத் திரும்பி எழுவதில்லை. நசுங்கும்போது வாங்கிக்கொண்ட ஆற்றலை ரப்பர் முழுவதும் திருப்பித் தருவதில்லை. ஒரு பகுதியை வெப்பமாக்கித் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. காந்தத் தயக்கம் பற்றி மேல்நிலை வகுப்பில் படிப்பீர்கள். இதுவும் அதைப் போன்ற ஒரு தயக்க இழப்புதான். ஓடும் டயரில் ஒவ்வொரு பகுதியும் தரையைத் தொடும்போது நசுங்கி, தரையை விட்டதும் நிமிர்கிறது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் இப்படிப்பட்ட டயர் நொடிக்குப் பன்னிரண்டு முறைக்கு மேல் சுற்றுகிறது. மணிக் கணக்கில் பார்த்தால் நாற்பத்தைந்தாயிரம் நசுங்கல்கள்!

டிரெய்லரின் சுமையில் ஒரு டயரின் பங்கு 900 கிலோகிராம், அதாவது ஏறத்தாழ 1,980 பவுண்டு என்று கொள்வோம். அழுத்தம் 80 பவுண்டானால், இச்சுமையைத் தாங்கச் சுமார் 25 சதுர அங்குலப் பரப்பு தரையில் படிய வேண்டும். அழுத்தம் 60 ஆகக் குறைந்தால் 33 சதுர அங்குலம் படிய வேண்டும். அதற்காக டயர் அதிகம் சப்பையாகிறது, பக்கச் சுவர் அதிகம் வளைகிறது, வெப்பம் மிகுகிறது. வெப்பம் மிகுந்தால், உள்ளே இருக்கும் எஃகுக் கம்பி அடுக்கும் ரப்பரும் ஒன்றைவிட்டொன்று பிரியத் தொடங்கும். பிறகு ஒரு நொடியில் டயர் கிழிந்து வெடித்துவிடும்.

சரி, சூடான டயரில் காற்று என்ன செய்கிறது? டயரின் கன அளவு அதிகம் மாறுவதில்லை. ஆகவே அழுத்தம் தனிவெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் உயரும். இங்கே மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு ஒன்று உண்டு. அழுத்தமானி காட்டுவது வெளிக்காற்றைவிட உள்ளே எவ்வளவு கூடுதல் என்பதை மட்டுமே. வாயு விதியில் போடுமுன் வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். பீனிக்ஸில் அது சுமார் 14 பவுண்டு.

காலையில் 30 டிகிரி செல்சியஸில் நல்ல டயர் 80 காட்டியது. உண்மை அழுத்தம் 94. தனிவெப்பநிலை 303 கெல்வின். ஓடி ஓடி உள்காற்று 60 டிகிரியை, அதாவது 333 கெல்வினை அடைகிறது. 94ஐ 333ஆல் பெருக்கி 303ஆல் வகுத்தால் 103. அதில் 14 போக 89. திரையில் மூன்று டயர்கள் காட்டுவது ஏறக்குறைய இதைத்தான். அவை ஆரோக்கியமாக இருக்கின்றன.

மூன்றாவது டயர் காலையிலேயே 68 பவுண்டில் புறப்பட்டிருந்தால்? உண்மை அழுத்தம் 82. அதிகம் வளைந்ததால் அதன் உள்காற்று 74 டிகிரிக்குப் போய்விட்டது. 82ஐ 347ஆல் பெருக்கி 303ஆல் வகுத்துப் பாருங்கள், 94 வரும். 14 போக 80! காற்றுக் குறைவால் சூடேறி, அந்தச் சூட்டினாலேயே தன் குறையை டயர் மறைத்துக்கொள்கிறது. அழுத்தம் கால் பங்கு குறைந்தால், அதாவது 60க்கு இறங்கினால் ஒலிக்கும்படி அமைத்த மணி இதற்கு ஒலிக்காது.

இன்னொரு விபரீதமும் நடப்பதுண்டு. 89ஐப் பார்த்துப் பயந்து, வழியில் நிறுத்தி, நல்ல டயர்களிலிருந்து 9 பவுண்டு காற்றைத் திறந்துவிடுவார்கள். மறுநாள் காலை டயர் ஆறி 30 டிகிரிக்கு வந்ததும் அது 71 அல்லது 72தான் காட்டும். நல்ல டயரையும் நோயாளி ஆக்கியதுதான் மிச்சம். காற்றை அளந்து நிரப்புவது, வண்டி மூன்று மணி நேரமாவது நின்று ஆறிய பிறகே.

காரில் ஒரு டயர் இறங்கினால் ஓட்டுபவருக்கு உடனே தெரியும்; ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கும், இருக்கை அதிரும். டிரெய்லரில் ஒன்று இறங்கினால் அவருக்கு ஒன்றுமே தெரியாது. சுமை அடுத்த டயர்மேல் சாய்கிறது. முதல் டயர் வெடித்த பிறகும் ஓட்டிக்கொண்டே போனால், அடுத்த டயர் ஏறக்குறைய இருமடங்கு சுமையுடன் ஓடும். அதுவும் அதிக நேரம் தாங்காது. எனவே கருவி அதிகம் தேவைப்படுவது காருக்கு அல்ல, அதன் பின்னால் வரும் பெட்டிக்குத்தான்.

சட்டம் வேறு விதமாக அமைந்தது. 2000ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் ஏறத்தாழ 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. அவை ஓட்டத்தில் பிரிந்து, பெரும்பாலும் ஃபோர்டு எக்ஸ்புளோரர் வண்டிகள் கவிழ்ந்து, இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்திருந்தனர். அவ்வாண்டே அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. அதன்படி 2007 செப்டம்பர் முதல், 4,536 கிலோகிராமுக்கு உட்பட்ட புதிய கார்கள், சிறு லாரிகளில் அழுத்த எச்சரிக்கைக் கருவி கட்டாயமாயிற்று. டிரெய்லரை அந்த விதி சேர்த்துக்கொள்ளவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் புதிய கனரக டிரெய்லர்களுக்கு இது கட்டாயம். சுற்றுலா டிரெய்லர் வைத்திருக்கும் அமெரிக்கர்கள் பெரும்பாலும் கருவியைத் தாமே வாங்கி மாட்டிக்கொள்கிறார்கள்.

மாட்டுவது எளிது. டயர் வால்வின் மூடியைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் பொத்தான் போன்ற உணர்வியைத் திருகினால் போதும். உள்ளே மெல்லிய சிலிக்கான் சவ்வு ஒன்று உண்டு. காற்று அழுத்தும்போது சவ்வு வளைகிறது. அதில் பதித்த மின்தடைகளின் மதிப்பு மாறுகிறது. நீங்கள் ஆய்வுக்கூடத்தில் பார்க்கும் வீட்ஸ்டன் சமனச்சுற்றுதான் இங்கும் அந்த மாற்றத்தை அளக்கிறது. நாணயம் போன்ற சிறு மின்கலம் ஒன்று ரேடியோ அலையைக் கிளப்பி அளவைத் திரைக்கு அனுப்புகிறது. பெட்டி நீளமானால், அதன் உலோகச் சுவர்களும் குறுக்கே நின்றால், அலை நலிந்துவிடும். அப்போது நடுவில் அலையை வாங்கித் திரும்ப அனுப்பும் கருவி ஒன்றும் வேண்டியிருக்கும்.

உணர்வியின் எடை 15 கிராம் இருக்கலாம். அற்ப எடைதானே என்று எண்ணாதீர்கள். சக்கர மையத்திலிருந்து 18 சென்டிமீட்டரில் அது சுற்றுகிறது. 100 கிலோமீட்டர் வேகத்தில் அதன் மையநோக்கு முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் சுமார் 110 மடங்கு. வால்வுத் தண்டு அதை ஒன்றரைக் கிலோவுக்கு மேற்பட்ட பொருளைப் போலப் பிடித்து நிறுத்த வேண்டும்! ரப்பர் தண்டு நாளடைவில் வெடித்துக் கசியலாம். உலோகத் தண்டு மாட்டுவது அதனால்தான். டயரைக் காக்க வந்த கருவியே காற்றை இறக்கிவிடக் கூடாதல்லவா?

இந்த உணர்வி வெப்பநிலையையும் அனுப்பும். ஆனால் அது வெளியே காற்றோட்டத்தில் இருப்பதால், உள்காற்றின் வெப்பநிலையைவிடக் குறைவாகவே சொல்லும். அந்த எண்ணைத் தனியாகப் பார்ப்பதில் பயன் குறைவு. நான்கையும் ஒப்பிட வேண்டும். வெயில் படும் பக்கத்து இரண்டு டயர்களும் சற்றுக் கூடுதலாகக் காட்டுவது இயல்பு. ஒன்று மட்டும் சூட்டில் முந்தி அழுத்தத்தில் பிந்தினால், காற்று குறைவு. அழுத்தமும் சேர்ந்து உயர்ந்தால், பிரேக் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கலாம், அல்லது பேரிங் தேய்ந்திருக்கலாம். நம் ஓட்டுநர் 89, 88, 80, 89 என்ற வரிசையைப் பார்த்ததும் ஓரங்கட்ட வேண்டியது மூன்றாவது டயருக்காக.

டயரைச் சரிசெய்துகொண்டு அவர் ஃபிளாக்ஸ்டாஃப் போய்ச் சேர்ந்தார் என்போம். அந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டர் உயரம். மறுநாள் அதிகாலை 12 டிகிரி குளிர். திரையில் நான்கும் 77! இரவோடிரவாக நான்கிலும் ஒரே அளவு கசிந்ததா? இல்லை. 94ஐ 285ஆல் பெருக்கி 303ஆல் வகுத்தால் 88.4. பீனிக்ஸின் வெளிக்காற்று 14ஐக் கழித்தால் 74.4தான் வர வேண்டும். ஆனால் மலைமேல் வெளிக்காற்று 11.4 பவுண்டுதான், அதைக் கழித்தால் 77. குளிர் குறைத்ததில் பாதிக்குச் சற்றுக் குறைவாக உயரம் திருப்பிக் கொடுத்துவிட்டது. அங்கேயே அவர் 80 வரை காற்றை நிரப்பிக்கொண்டு பீனிக்ஸ் திரும்பினால், அடுத்த நாள் காலை 30 டிகிரியில் திரை என்ன காட்டும்? 83க்குச் சற்று மேல் வந்தால் உங்கள் கணக்குச் சரி.