மறுப்பை எழுத்தில் வாங்குங்கள்

சேலம் செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரில் டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டியில் முன்னால் ஒரு மூட்டை, பின்னால் இரண்டு மூட்டை ஏற்றிக்கொண்டு போகிறவர்களைப் பார்க்கலாம். வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கும். ஆனால் அந்த பாலிசியின் ‘பயன்பாட்டு வரம்பு’ பகுதியைப் படித்தவர்கள் மிகக் குறைவு. வாடகைக்கோ, பந்தயத்துக்கோ, சரக்கு ஏற்றவோ ஓட்டினால் பாதுகாப்பு கிடையாது என்கிறது அது. சாம்பிள் சரக்கும் சொந்த மூட்டை முடிச்சும்தான் விலக்கு. விபத்து நடந்து சர்வேயர் வந்து, “வண்டியில என்னங்க இருந்துச்சு?” என்று சாதாரணமாகத்தான் கேட்பார். அந்தப் பதிலிலேயே “கிளைம் ரிஜெக்ட்” ஆகிவிடக்கூடும்.

ஆகிவிட்டால் பலர் அத்தோடு விட்டுவிடுகிறார்கள். விட வேண்டியதில்லை. சொந்தக் காரை வாடகைக்கு விட்டதாகச் சொல்லி முழுத் தொகையையும் மறுத்த ஒரு வழக்கில், அமலேந்து சாஹு தீர்ப்பில் (2010), உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பயன்பாட்டு நிபந்தனை மீறப்பட்டிருந்தாலும் ஏற்கத்தக்க தொகையில் 75 சதவீதம் வரை கொடுக்கலாம் என்ற இன்சூரன்ஸ் துறையின் வழிகாட்டுதலையே அது எடுத்துக்காட்டியது. மூட்டை ஏற்றிய மொபெட்டுக்காரரும் இதைச் சொல்லி வாதாடலாம்.

முதல் வேலை, மறுப்பை எழுத்தில் வாங்குவது. போனில் சொன்னதும் ஏஜென்ட் சொன்னதும் கணக்கில் வராது. எந்த நிபந்தனையின்படி மறுக்கிறார்கள் என்று கடிதத்திலோ மின்னஞ்சலிலோ இருக்க வேண்டும். மறுப்புக் கடிதத்தில் இல்லாத புதுக் காரணத்தைப் பிறகு நுகர்வோர் ஆணையத்தில் கிளப்ப முடியாது என்று சௌராஷ்டிரா கெமிக்கல்ஸ் வழக்கில் (2019) உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. அந்தக் கடிதம் நிறுவனத்தின் கையைக் கட்டிவிடுகிறது. நம் பதிலும் அதிலுள்ள காரணத்துக்கு மட்டும் இருந்தால் போதும்.

காரணங்களில் சில நிற்காதவை. புகைச் சான்றிதழ் இல்லை என்பதற்காக கிளைமை மறுக்க முடியாது என்று ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2020 ஆகஸ்டிலேயே தெளிவுபடுத்திவிட்டது. தாமதமாகத் தகவல் சொன்னார் என்பதும் தானாகவே செல்லுபடியாகும் காரணமல்ல. வண்டி திருட்டில் போலீஸில் உடனே புகார் கொடுத்திருந்தால், நிறுவனத்துக்குத் தாமதமாகச் சொன்னதை மட்டும் வைத்து மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு 2020 ஜனவரியில் தீர்ப்பளித்தது. மூன்று பேர் போன பைக்கை பின்னாலிருந்து கார் மோதிய வழக்கில், ‘ட்ரிபிள்ஸ்’ போனதாலேயே இழப்பீட்டைக் குறைத்துவிட முடியாது, அதுதான் விபத்துக்குக் காரணம் என்று காட்ட வேண்டும் என்றது அதே மாதத்தின் இன்னொரு தீர்ப்பு.

சில காரணங்கள் நிற்கும். செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கி ஆர்.சி.யை மாற்றியவர்கள்கூட பாலிசியைப் பழைய பெயரிலேயே விட்டுவிடுகிறார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 157-வது பிரிவு, அதற்கு 14 நாளில் விண்ணப்பிக்கச் சொல்கிறது. மூன்றாம் நபருக்கான பாதுகாப்பு தானாகவே புதியவருக்கு மாறும். சொந்த வண்டியின் சேதத்துக்கான பாதுகாப்பு மாறாது என்று 1996-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியவரின் சேத கிளைமும் அப்படித்தான். அடிபட்ட மூன்றாம் நபரின் நிலை வேறு: ஸ்வரன் சிங் தீர்ப்புப்படி (2004), லைசென்ஸ் தகராறு இருந்தாலும் நிறுவனம் முதலில் அவருக்குக் கொடுத்துவிட்டு, பிறகு வண்டிக்காரரிடம் வசூலிக்குமாறு தீர்ப்பாயம் உத்தரவிடலாம். பின்சீட்டில் உட்கார்ந்து வந்தவருக்கு வெறும் ‘தேர்டு பார்ட்டி’ பாலிசி உதவாது. பேக்கேஜ் பாலிசி வேண்டும். மலிவான பாலிசி எடுக்கும்போது இதை யாரும் சொல்வதில்லை என்பதுதான் எரிச்சல்.

கேட்காமலேயே போய்விடும் பணமும் உண்டு. வண்டியின் உரிமையாளரே ஓட்டும்போது இறந்தால், அவருடைய கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பு 15 லட்சம் ரூபாய். இருசக்கர வாகனத்துக்கு முன்பு அது ஒரே ஒரு லட்சம்தான். 2017-ல் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டதைத் தொடர்ந்தே, 2018 செப்டம்பரில் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. தொகையை உயர்த்தியது. தவறு யார் மீது என்ற கேள்வியே இதில் எழாது; செல்லத்தக்க லைசென்ஸும், அந்தக் காப்புக்குப் பிரீமியம் கட்டிய பாலிசியும் இருக்க வேண்டும். “அவரே போய் இடிச்சிக்கிட்டாரு, எங்கங்க கிடைக்கும்” என்று குடும்பம் ஒதுங்கிவிட்டால், நிறுவனம் தேடி வந்து தராது.

மறுப்புக்குப் பிறகு நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்தது திருப்தியில்லை என்றாலோ சென்னையிலுள்ள காப்பீட்டு ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணமில்லை, வக்கீலும் வேண்டாம். 50 லட்சம் வரை விசாரிப்பார். ஓராண்டுக்குள் போக வேண்டும். அவர் தரும் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். ஏற்கெனவே நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நடந்தால் இந்தக் கதவு திறக்காது.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு அவகாசம். நிறுவனத்தின் தலைமையகம் மும்பையில் இருந்தாலும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி புகார்தாரர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது சேலத்திலேயே, வழக்குப் போடலாம். மோட்டார் விபத்துத் தீர்ப்பாயம் தனி வழி. அடிபட்ட மூன்றாம் நபரும், இன்னொரு வண்டியால் உயிரிழந்தவரின் குடும்பமும் போக வேண்டிய இடம் அது. 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தம் அங்கே ஆறு மாதக் கெடு வைத்திருக்கிறது.

பேச்சுவார்த்தையில் குறைந்த தொகைக்கு இறங்கி வரும் நிறுவனம், ‘முழுமையான, இறுதித் தீர்வு’ என்ற தாளில் கையெழுத்துக் கேட்கும். பணம் அவசரமாகத் தேவைப்பட்டு வாங்கினாலும், மீதிக்கான உரிமையை விடவில்லை என்று அதே நாளில் எழுதி அனுப்பி, அனுப்பியதற்கான ரசீதை வைத்துக்கொள்வது நல்லது.