ஏட்டையா கையில் யந்திரம்!

தலைக்கவசம் இல்லாமல் ஸ்கூட்டரில் போகிறீர்கள். முனையில் நிற்கும் போக்குவரத்துப் போலீஸ்காரர் கை காட்டுகிறார். முன்பானால் ரசீதுப் புத்தகத்தைப் புரட்டி, கார்பன் தாளைச் செருகி எழுதுவார். இப்போதோ கையடக்க யந்திரம் ஒன்றில் வண்டி எண்ணைத் தட்டுகிறார். மத்திய அரசின் 'வாகன்' பதிவேட்டிலிருந்து சொந்தக்காரர் பெயர் வந்து நிற்கிறது! இதுதான் 'இ-சலான்'.

போலீஸ்காரருக்கு இனிக் கொண்டாட்டம்தான் என்கிறீர்களா? அவசரப்படாதீர்கள்! உங்கள் வீட்டுக்கு முதன்முதலாக மிக்ஸி வந்த நாளை நினைத்துப் பாருங்கள். மாமியார் உடனே அம்மியை விட்டாரா? "இதில் நன்றாக அரைபடுமா? எனக்குக் கையாள வருமா?" என்று கேட்ட பிறகுதானே தொட்டார்? அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஃபிரெட் டேவிஸ் 1989-ல் எழுதியதும் இதுவேதான். பயன் உண்டு, சுலபமாகவும் இருக்கிறது என்று தோன்றினால்தான் மனிதர் புதுக் கருவியை ஏற்பார்.

பயன் இருக்கிறது. அட்டையிலோ இணையத்திலோ அபராதம் கட்டினால் போலீஸ்காரர் பணத்தைத் தொட வேண்டியதில்லை. "பாதி அவர் பைக்குள் போயிற்று" என்ற அவப்பேரும் இல்லை. நேர்மையான மனிதருக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி!

சுலபமா? அங்கேதான் சங்கடம். உச்சி வெயிலில் திரை கண்ணுக்குத் தெரியாது. நெட்வொர்க் காலை வாரும். பாட்டரி தீர்ந்துவிடும். தமிழ்நாட்டில் 2022 அக்டோபர் முதல் தலைக்கவசம் இல்லாவிட்டால் அபராதம் 1,000 ரூபாய், வாக்குவாதத்துக்குக் கேட்பானேன்! அந்த நேரத்தில், பேனா பிடித்தே பழகிய ஏட்டையா பொத்தானைத் தேடித் தடுமாறினால், கூட்டம் சிரிக்கிறது. நாலு பேர் முன்னால் பட்ட அந்த அவமானம் போதாதா, மறுநாள் யந்திரத்தைக் கண்டாலே வெறுப்பு வர?

இன்னொன்றும் உண்டு. யந்திரம் அவரையும் கவனிக்கிறது. எத்தனை ரசீது, எந்த நேரத்தில் என்று எல்லாம் பதிவாகிறது. உதவிக்கென்று நினைத்தால் மகிழ்வார்; வேவு பார்க்கவென்று தோன்றினால் முகம் சுளிப்பார். ஆகவே யந்திரத்தைக் கொடுத்தால் மட்டும் போதாது. பொறுமையாகப் பயிற்சி தர வேண்டும். பழுதானால் உடனே சரிசெய்ய ஆள் வேண்டும். மேலதிகாரியிடமிருந்து ஆதரவான ஒரு வார்த்தையும் வேண்டும்.

நம் பங்கு? வண்டிப் பதிவில் உங்கள் இப்போதைய தொலைபேசி எண் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். அபராதத் தகவல் அதற்குத்தான் வரும். அடுத்த முறை ஏட்டையா யந்திரத்தோடு தடுமாறினால் சிரிக்காமல் ஒரு நிமிஷம் பொறுங்கள். அவரும் ஒரு வீட்டுக்கு விளக்குத்தானே!