நீர்மூழ்கிக்கு ஏற்ற துறை எது?

மும்பையில் வாழும் தமிழ் இளைஞர்களுள் இயந்திரத் தொழிலில் கைதேர்ந்தோர் பலர். அவருள் ஒருவர், இருவர் அமரக்கூடிய சிறு நீர்மூழ்கி ஒன்றைத் தாமே செய்து முடித்துவிட்டார் எனக் கொள்வோம். அதனை எங்கே நிறுத்துவது? ஐரோலியை ஒட்டித்தான் தாணேக் கழி கிடக்கிறதே, அங்கே ஒரு கயிற்றால் கட்டிவிட்டால் போயிற்று என்று தோன்றும்.

நீருக்குள் இறங்கும்போதுதான் நீர்மூழ்கிக்கு ஆபத்து என்று எண்ணுகிறோம். நடந்தவை வேறுவிதமாக இருக்கின்றன. ஸ்பெயின் நாட்டு மொன்ட்டூரியோல் 1859-இல் மரத்தால் அமைத்த 'இக்தினேயோ' ஏறக்குறைய ஐம்பது முறை மூழ்கி நலமாகவே மீண்டது. 1862-இல் பார்ஸிலோனாத் துறைமுகத்தில் சும்மா நின்றிருந்தபோது, சரக்குக் கப்பலொன்று மோதி அதனை அழித்தது. ஆங்கிலேயப் பாதிரியார் காரெட்டின் 'ரெஸர்காம்' 1880-இல் மற்றொரு கலத்தால் இழுத்துச் செல்லப்படுகையில் ஆளின்றி மூழ்கியது. அதன் மேல்மூடியை உள்ளிருந்துதான் இறுக்க முடியும், ஆட்களோ வெளியேறியிருந்தனர். 'மீண்டும் எழுவேன்' என்பது அப்பெயரின் பொருள். பாவம், அது இன்னும் வேல்ஸ் கடலடியில்தான் கிடக்கிறது!

காரணம் எளிது. மூழ்கவேண்டிய கலம் தான் விலக்கும் நீரின் எடையளவு கனத்தே இருக்கவேண்டும். இரண்டு கன மீட்டர் பருமன் என்றால், ஏறக்குறைய 2 டன் எடை. ஆகவே, மிதக்கும்போதும் அதன் முதுகு மட்டுமே வெளியே தெரியும். படகு தாங்கிக்கொள்ளும் சிறு கசிவை இது தாங்காது.

இனி ஐரோலிக்கு வருவோம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மும்பைக் கடல் நான்கு, ஐந்து மீட்டர் வரை ஏறி இறங்கும். வற்றத்தில் கரையோரம் முழுவதும் சேறாகிவிடும். உருண்டை வயிற்றுக் கலம் அதில் ஒருபுறமாகச் சாயும்; அடியிலுள்ள நீர்த்துளைகளில் சேறு அடைத்துக்கொள்ளும். பின்னர் ஏற்றம் வரும்போது சேறு அடியைக் கவ்விப் பிடித்தால், கலம் விடுபடுமுன் நீர் மேல்மூடியைக் கடந்துவிடலாம். ஆழமான நடுக்கழியில் மிதவையில் கட்டலாமே என்பீர்கள். இருளில் வரும் படகுக்கு அந்தத் தாழ்ந்த முதுகு தெரியாது. மொன்ட்டூரியோலுக்கு நேர்ந்ததே நேரும்.

மின்கலங்களின் தொல்லை தனி. ஈய மின்கலத்துக்கு மின்னேற்றும்போது ஹைட்ரஜன் வாயு பிறக்கும். மேல்மூடியை அடைத்தால் வாயு உள்ளே தேங்கும், ஒரு பொறி போதும். திறந்தால் அலைநீர் புகும்.

ஆதலால் கலத்தைக் கரையேற்றிச் சக்கர வண்டியில், கூரையின் கீழ் வைப்பதே தக்கது. அங்கே மூடியைத் திறந்துவைத்து மின்னேற்றலாம். நீர்த்தொட்டிகளை வடித்து, உப்பை நன்னீரால் கழுவலாம். இரும்பை அரிப்பினின்று காக்கப் பதித்த துத்தநாகத் துண்டுகள் தேய்ந்தனவா என்றும் பார்க்கலாம். ஓட்டநாளில் மட்டும், ஏற்றத்தின் உச்சத்துக்குச் சற்று முன்னர் நீரில் இறக்கவேண்டும்.

கழியின் ஒரு பகுதி 2015 முதல் பூநாரைச் சரணாலயமாக இருப்பதால், வனத்துறையின் அனுமதியின்றி அங்கே எதையும் இறக்குதல் ஆகாது. பூநாரை காட்டும் படகுகளும் ஐரோலியிலிருந்து ஏற்றத்தின் நேரம் பார்த்தே புறப்படுகின்றன. கலத்துக்கு இரும்பு வாங்குமுன், வற்றத்தின்போது ஒருமுறை அங்கே சென்று கரையைப் பார்த்து வாருங்கள்.