செக்கி வட்டு: குளத்து நீரின் தெளிவை அளக்கும் கருவி

இத்தாலிய வானியலாளரும் இயேசு சபைத் துறவியுமான ஆஞ்சலோ செக்கி, 1865இல் போப்பாண்டவரின் கப்பலிலிருந்து வெள்ளை வட்டுகளை மத்தியதரைக் கடலில் இறக்கி நீரின் தெளிவைச் சோதித்தார். விண்மீன்களை ஆராய்ந்தவரின் பெயர் குளத்துக் கருவிக்கு நிலைத்தது விந்தைதான். வட்டின் கறுப்பு வெள்ளை வடிவம் பின்னர் வந்தது. அதை அமைத்தவர் அமெரிக்கரான ஜார்ஜ் விப்பிள். ஏரி, குளங்களை ஆராயும் மாணவர்கள் 20 செ.மீ. விட்டமுள்ள இவ்வகை வட்டையே இன்றும் பயன்படுத்துகின்றனர்.

அளவு குறித்த கயிற்றில் கட்டி, நிழல் விழும் பக்கமாக இதை நீரில் இறக்குவர். வட்டு கண்ணுக்கு மறையும் ஆழத்தையும், மேலே இழுக்கையில் மீண்டும் தென்படும் ஆழத்தையும் குறித்துச் சராசரி காண்பர். ஆழம் குறைவாக இருந்தால் நீரில் சேறோ நுண்பாசியோ மிகுந்துள்ளது. இரண்டில் எது என்பதை நுண்ணோக்கியில் பார்த்து அறியலாம்.

வயல் உரமும் கழிவுநீரும் சேரும் குளத்தில் பாசி பெருகும். பகலில் ஆக்சிஜனை வெளியிடும் அதே பாசி, இரவில் சுவாசிப்பதற்காக அதை எடுத்துக்கொள்ளும். பாசி மண்டிய குளங்களில் மீன்கள் பெரும்பாலும் விடியற்காலையில் செத்து மிதப்பது இதனால்தான். கரைந்த உப்பையும் நோய்க்கிருமிகளையும் இவ்வட்டு காட்டாது. அவற்றுக்குத் தனிச் சோதனைகள் உண்டு.