புளிப்பும் காரமும்

பெங்களூரில் கன்னடப் பள்ளிகளிற் பயிலும் நம் பிள்ளைகள், பிராணவாயுவை 'ஆம்லஜனக' என்று எழுதக் கற்கின்றனர். அதன் பொருள் யாதென்று அவர்கள் வீட்டில் வினவினால், பெரியோர் பலரும் விடை சொல்லத் தயங்குவர். ஆம்லம் என்பது நாம் அமிலம் என வழங்கும் அதே சொல். ஜனகம் என்றால் பிறப்பிப்பது. ஆகவே, 'அமிலத்தைப் பிறப்பிப்பது' என்பதே அப்பெயரின் பொருள். ஆக்சிஜன் என்ற பெயரும் கிரேக்கச் சொற்களைக் கொண்டு அதே பொருளில் அமைக்கப்பட்டதாகும். ஜெர்மானியரோ அவ்வாயுவைப் 'புளிப்புப் பொருள்' என்றே அழைக்கின்றனர்.

உண்மையில் அமிலங்களுக்குப் பிராணவாயு காரணமா? அன்று. இரைப்பையிற் சுரந்து உணவைச் செரிக்கச் செய்யும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் மூலக்கூறில் ஒரு ஹைட்ரஜன் அணுவும் ஒரு குளோரின் அணுவுமே உள்ளன. பிராணவாயு அணு ஒன்றேனும் இல்லை. அவ்வாறாயின், பொருந்தாத இப்பெயர் எங்ஙனம் வந்தது? அதனை அறியச் சற்றுப் பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும்.

அமிலத்தை மனிதன் முதலில் அறிந்தது நாவினால்தான். பால் தயிரானதும், கள் காடியானதும், மாவு பொங்கிப் புளித்ததும் அவன் கண்டவை. நம் புளி இந்நகரத்தில் 'ஹுளி' ஆகிறது. பாலை ஹாலு என்றும் பழத்தை ஹண்ணு என்றும் சொல்லும் மரபினரிடம் அது இயல்பே. புளியின் சுவைக்குத் தலையாய காரணம் டார்டாரிக் அமிலம். சுவீடன் நாட்டு மருந்தாளர் ஷீலே 1769-ஆம் ஆண்டில் அதனைப் பிரித்தெடுத்தார். எடுத்ததோ புளியிலிருந்தன்று, திராட்சை மதுவின் கசட்டிலிருந்து. பின்னர், புளித்த பாலிலிருந்து 1780-இல் லாக்டிக் அமிலத்தையும், எலுமிச்சையிலிருந்து 1784-இல் சிட்ரிக் அமிலத்தையும் அவரே பிரித்தார். நம் அடுக்களையின் மூன்று புளிப்புகளும் இவ்வாறு ஒருவர் கையால் இரசாயன நூலில் இடம் பெற்றன.

காரத்தின் தோற்றம் சாம்பலில் உள்ளது. கடலோரச் செடிகளின் சாம்பலைக் குறித்த அரபுச் சொல்லே மேனாட்டில் 'ஆல்கலி' ஆயிற்று. விறகுச் சாம்பலால் பாத்திரம் துலக்கிய நம் பாட்டிமார் கையாண்டதும் காரமே. சாம்பலை நீரிற் கரைத்து வடித்தால் கிடைப்பது மென்மையான காரம். அதனோடு சுண்ணாம்பைச் சேர்த்துக் காய்ச்சினால் தோலையே அரிக்கும் கடுங்காரம் பிறக்கும்.

இம்முறை சுசுருத சங்கிதையில் விரிவாகக் கூறப்பட்டுள்ளது. மென்மை, நடுத்தரம், கடுமை என மூவகைக் காரங்களை அந்நூல் பிரிக்கின்றது. ஆக்கிய காரத்தை இரும்புக் கலத்தில் இட்டு மூடி வைக்கச் சொல்கின்றது. ஆசாரிய பிரபுல்ல சந்திர ராய் 1902-ஆம் ஆண்டில் வெளியிட்ட இந்து இரசாயன வரலாற்றின் முதற்பகுதியில் இச்செய்முறையை எடுத்துக்காட்டிப் பாராட்டியுள்ளார். இதனினும் வியப்பானது ஒன்றுண்டு. காரம் பட்டுக் காந்தும் இடத்தில் புளிப்புப் பொருளை இடுமாறு அந்நூல் கூறுகிறது. புளிப்பும் எரிச்சல் தருவதாயிற்றே, அது எப்படிக் காரத்தைத் தணிக்கும் என்ற வினாவையும் அதுவே எழுப்பி, புளிப்போடு கூடிய காரம் தன் கூர்மையை இழக்கும் என்று விடை பகர்கின்றது. அமிலமும் காரமும் கலந்தால் ஒன்றன் வேகத்தை மற்றொன்று அடக்கும் என்னும் நடுநிலையாக்கத்தின் விதை இதில் இருப்பதைக் காணலாம். (இதனைப் படித்துவிட்டு எவரும் காரப் புண்ணில் எலுமிச்சை பிழிந்துவிட வேண்டா. தோலிலோ கண்ணிலோ அமிலமாயினும் காரமாயினும் பட்டால், உடனே ஓடும் நீரில் நெடுநேரம் கழுவி மருத்துவரிடம் செல்வதே இன்றைய முறை.)

சுண்ணாம்பு ஏன் காரத்தைக் கடுமையாக்குகிறது? செய்முறை பன்னூறு ஆண்டுகள் கையில் இருந்தும், காரணம் 1756-இல்தான் வெளிப்பட்டது. மென்காரத்தில் ஒரு காற்று கட்டுண்டு கிடக்கிறது என்றும், நீற்றின சுண்ணாம்பு அதனைத் தன்பால் இழுத்துக்கொள்வதால் எஞ்சுவது கடுங்காரமாகிறது என்றும் ஸ்காட்லாந்தின் ஜோசப் பிளாக் மெய்ப்பித்தார். அக்காற்றே இன்று நாம் கரியமிலவாயு என்பது.

நாவால் சுவைத்தறிவது ஆபத்தான வழி. கண்ணால் அறிய வழி கண்டவர் ராபர்ட் பாயில். 1664-இல் அவர் வெளியிட்ட நிறங்களைப் பற்றிய நூலில், ஊதாப்பூச் சாறு அமிலத்தில் சிவப்பாகவும் காரத்தில் பச்சையாகவும் மாறுவதைச் சோதனையாகவே அமைத்துக் காட்டினார். நம் வீடுகளில் மணமக்களுக்கு ஆலத்தி எடுக்கும்போது மஞ்சள் நீரில் சிறிது சுண்ணாம்பைக் கரைத்ததும் அது குருதி நிறம் கொள்வதும் இவ்வகை மாற்றமே. வேட்டியிற் பட்ட மஞ்சள் கறை சவுக்காரம் பட்டதும் சிவப்பதைக் காணாதவர் யார்? நம்மவர் அந்நிறத்தை மங்கலமாகக் கண்டனர். பாயிலோ அதுபோன்ற நிறமாற்றத்தைக் கேள்வி கேட்கும் கருவியாக்கினார். வேறுபாடு அவ்வளவே, ஆயினும் அது சிறிய வேறுபாடன்று.

இனி, அமிலம் அமிலமாக இருப்பதன் காரணம் யாது? 1675-இல் பிரெஞ்சு நாட்டு லெமெரி, அமிலத்தின் துகள்கள் முள் போன்று கூர்மையானவை, அதனாலேயே நாவைக் குத்துகின்றன என்றார். படிக்கச் சுவையாயினும் இது வெறும் கற்பனை. அடுத்து வந்த விடையே பிராணவாயுவுக்குப் பெயர் தந்தது. கந்தகத்தையும் பாஸ்பரத்தையும் எரித்து, வரும் பொருளை நீரிற் கரைத்தால் அமிலம் கிடைக்கிறது. எரிதலுக்கோ பிராணவாயு இன்றியமையாதது. ஆகவே அமிலத்தை ஆக்குவது அவ்வாயுவே என்று லவாய்சியர் முடிவு கட்டி, 1777-இல் அதற்கு 'அமிலம் ஆக்குவது' என்று பெயரிட்டார். எரிதலின் இரகசியத்தைக் கண்ட மேதை அவர். ஆயினும் தாம் கண்ட சில அமிலங்களைக் கொண்டு காணாத அமிலங்களுக்கும் விதி வகுத்துவிட்டார்.

உப்பிலிருந்து வடிக்கப்பட்ட அமிலம் அவ்விதிக்கு அடங்கவில்லை. அதிலும் பிராணவாயு ஒளிந்திருக்கும் என்று பலர் நம்பித் தேடினர். இங்கிலாந்தின் ஹம்ப்ரி டேவி எத்துணை முயன்றும் அது கிட்டவில்லை. 1810-ஆம் ஆண்டில் அவர், அவ்வமிலத்திலிருந்து கிடைக்கும் பசுமஞ்சள் வாயு ஒரு தனிமம் என்று அறிவித்து, அதற்குக் குளோரின் எனப் பெயர் சூட்டினார். அமிலங்களுக்குப் பொதுவானது பிராணவாயு அன்று, ஹைட்ரஜனே என்பது மெல்லத் தெளிவாயிற்று. பெயரை மாற்ற எவரும் முனையவில்லை. கன்னடத்தார் அம்மேனாட்டுச் சொல்லை நேர்மையாக மொழிபெயர்த்துக்கொண்டனர். அதனோடு அதனுட்கிடந்த பிழையும் வந்து சேர்ந்தது. தமிழில் நாம் உயிர் மூச்சை நோக்கிப் பிராணவாயு என்றமையால் தப்பினோம்.

1884-இல் சுவீடனின் இளைஞர் அர்ரேனியஸ் எழுதிய ஆய்வேட்டில், நீரிற் கரைந்த உப்புகள் மின்னேற்றம் பெற்ற அயனிகளாகப் பிரியும் கொள்கை முளைவிட்டது. ஹைட்ரஜன் அயனியை விடுவிப்பது அமிலம், ஹைட்ராக்சில் அயனியை விடுவிப்பது காரம் என்பது அதன்வழி வந்த விளக்கம். உப்சாலாப் பல்கலைக்கழகம் அவ்வேட்டிற்குக் குறைந்த தரமே வழங்கியது. அதே கொள்கைக்காக 1903-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அக்கொள்கையிலும் ஓர் இடர் இருந்தது. காடியைப் போன்ற மெலிந்த அமிலங்களுக்குக் கணக்கு ஒத்துவந்தது. ஹைட்ரோகுளோரிக் அமிலம் போன்ற வலிய பொருள்களுக்கு ஒத்துவரவில்லை. அம்முடிச்சை அவிழ்க்க முயன்றோருள் ஒருவர், பிரபுல்ல சந்திர ராயின் மாணவரான ஞான சந்திர கோஷ். 1918-இல் கல்கத்தாவிலிருந்து அவர் எழுதிய கட்டுரை, வலிய மின்பகுபொருள்கள் நீரில் முற்றிலும் அயனிகளாகவே பிரிந்து நிற்கின்றன, அயனிகள் ஒன்றையொன்று ஈர்ப்பதே கணக்கைக் குழப்புகிறது என்றது. அப்போது அவருக்கு வயது இருபத்துநான்கிற்கு மேலில்லை. அவர் போட்ட கணக்கு முறை நிலைக்கவில்லை. 1923-இல் டிபையும் ஹூக்கலும் சிறந்த முறையைத் தந்தனர். முற்றாகப் பிரிகின்றன என்ற கருத்தோ நிலைத்துவிட்டது. அவ்வறிஞரே 1939-ஆம் ஆண்டில் நம் நகரத்து இந்திய விஞ்ஞானக் கழகத்தின், மக்கள் வழக்கில் 'டாட்டா இன்ஸ்டிட்யூட்'டின், இயக்குநராகப் பொறுப்பேற்றார். மல்லேசுவரத்திலிருந்து யசுவந்தபுரம் செல்லும் வழியில் அக்கழகத்தைக் கடக்கும் நம்மவருள் இதனை அறிந்தோர் சிலரே.

இரசாயனத்தைத் தமிழிற் சொல்ல முனைந்தவர்களுள் ஒருவருக்கும் இந்நகரத்தோடு தொடர்புண்டு. பெங்களூர் மத்தியக் கல்லூரியிற் பயின்ற இராஜாஜி, 1916-இல் சேலத்தில் தமிழ்ச் சாத்திரச் சொற்களை ஆக்குவதற்கு ஒரு சங்கம் அமைத்ததோடு, 'திண்ணை இரசாயனம்' என்ற நூலும் எழுதினார். பணி எளிதன்று. காரம் என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம்: அடுக்களையில் அது மிளகாயின் உறைப்பு, பள்ளியில் அது சுண்ணாம்பின் குணம். மிளகாய் ஒரு காரப்பொருள் என்று விடைத்தாளில் எழுதும் பிள்ளையைக் கடிந்து பயனில்லை. இச்சொல்லுக்கு இரு பொருள் உண்டு என்று சொல்லித் தருவதே முறை. இலங்கைத் தமிழ் நூல்கள் இக்குழப்பத்தை ஓரளவு தவிர்த்து, அமிலத்தின் எதிரியை 'மூலம்' என்கின்றன. கன்னட நூல்கள் அதனைப் 'பிரத்யாம்ல' என்கின்றன. அச்சொல் மிகப் பொருத்தமானது என்பதே நம் எண்ணம்.

விடுமுறை நாளில் பிள்ளைகளுடன் செய்து பார்க்கத்தக்க சோதனை ஒன்றைக் கூறுவோம். மஞ்சள் தூளை நீரிற் குழைத்து வெள்ளைத் தாளில் தடவி நிழலில் உலர்த்திச் சிறு துண்டுகளாக நறுக்கிக்கொள்க. சவுக்கார நீரில் ஒரு துளியும், தெளிந்த சுண்ணாம்பு நீரில் ஒரு துளியும் இட்டால் தாள் சிவக்கும். சிவந்த இடத்தில் எலுமிச்சைச் சாற்றை விட்டால் மீண்டும் மஞ்சளாகும். கழிப்பறை கழுவும் அமிலத்தை இவ்விளையாட்டிற் சேர்க்கலாகாது. அதனைச் சலவைத் தூளோடு கலப்பின், டேவி பெயரிட்ட அந்த நச்சுவாயுவே கிளம்பும். இறுதியாகப் படிகாரத்தை நீரிற் கரைத்து ஒரு துளி இடுக. காரம் என்று பெயரிலேயே இருப்பதால் தாள் சிவக்கும் என்று பிள்ளைகள் எதிர்பார்ப்பர். தாள் மஞ்சளாகவே இருக்கும்; படிகார நீர் அமிலத்தன்மை உடையது.