மிதக்கும் புள்ளியும் மலைச் சரிவும்

கண்டியைச் சூழ்ந்த மலைநாட்டிற்கு மழையே உயிர். அளவு மிஞ்சினால் அதுவே மண்ணைச் சரித்து ஊரைப் புதைத்துவிடும். கண்டி மாவட்டத்தை அடுத்துள்ள கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் 2016ஆம் ஆண்டு மே 17ஆம் நாள் நிகழ்ந்த மண்சரிவு இதற்குத் துயரச் சான்றாகும். சரிவு நிற்குமா, வழுக்குமா என ஆராய்வது மண்பொறியியல். பேராதனைப் பொறியியற் பீடத்திற் பணியாற்றிய பேராசிரியர் அழகையா துரைராஜா இத்துறையிற் புகழ்பெற்றவர். ரொஸ்கோ, ஸ்கோபீல்ட் என்னும் கேம்பிரிட்ஜ் அறிஞர்களுடன் அவர் 1963இல் வெளியிட்ட கட்டுரை, 'கேம் களிமண்' என வழங்கும் கோட்பாட்டிற்கு அடித்தளமாயிற்று.

அக்கோட்பாட்டின்படி, களிமண்ணின் கனவளவு, அதன்மேற் செயற்படும் அமுக்கத்தின் மடக்கையைப் பொறுத்துக் குறைகிறது. இத்தகைய கணக்குகளை இன்று செய்வது கணினி. அது பின்னங்களை 'மிதவைப்புள்ளி எண்'களாக வைத்துக்கொள்கிறது. இலக்கங்கள் ஒரு பகுதியாகவும், இரண்டின் அடுக்கு மற்றொரு பகுதியாகவும் அமைவதால், புள்ளி ஓரிடத்தில் நில்லாது மிதக்கிறது. இம்முறைக்கு 1985இல் உலகப் பொது நியமம் ஒன்று வகுக்கப்பட்டது. 32 பிட் வகை ஏறத்தாழ 7 தசம இலக்கங்களையும், 64 பிட் வகை 15 அல்லது 16 இலக்கங்களையும் காக்கும். 32 பிட் வகையில் 16,777,216 உடன் 1ஐக் கூட்டினும் விடை மாறாது. சிறு மழைத்துளி பெருந்தொகையில் மறைந்துபோவது இவ்வாறே.

இதனினும் நுட்பமான இடர் ஒன்று உண்டு. கணக்கின் நடுவே அமுக்கம் எதிர்க்கணியமாகிவிட்டால் அதற்கு மடக்கை இல்லை. அப்போது கணினி 'எண் அன்று' என்னும் குறியை விடையாகத் தருகிறது. அக்குறி எந்த எண்ணினும் சிறியதன்று, பெரியதன்று. தனக்குத் தானேயும் சமமன்று. 'உறுதிக் காரணி 1இலும் குறைந்தால் எச்சரிக்கை செய்க' என நிரல் எழுதப்பட்டிருப்பின், இக்குறி வந்தபோது விடை 'குறையவில்லை' என்றே அமையும். மணி ஒலியாது. மலை உறுதியாக நிற்பதால் வந்த மௌனமன்று அது; கணக்குக் கெட்டதால் வந்த மௌனமாகும்.

2015இல் முதல் நிலைபெற்ற பதிப்பைக் கண்ட 'ரஸ்ட்' என்னும் நிரல்மொழி இவ்விடத்தில் ஒரு காவலை வைத்துள்ளது. அம்மொழியிற் பொதுமைச் சார்புகள் உண்டு. தச்சன் ஒரே வரைபடத்தைக்கொண்டு சிறு கதவும் பெருங்கதவும் செய்வதுபோல, ஒருமுறை எழுதிய சார்பிலிருந்து ஒவ்வோர் எண்வகைக்கும் உரிய நிரலைத் தொகுப்பான் தனித்தனியே ஆக்கித் தருகிறது. ஆயின், வரும் வகைக்கு எவ்வெத் தகுதிகள் வேண்டும் என்பதைச் சார்பு முன்னரே கூறவேண்டும். மடக்கை காணும் செயல் இரு மிதவை வகைகளுக்கும் தனித்தனியே உள்ளதாகையால், இரண்டுக்கும் பொதுவான தகுதியொன்றை எழுதுவோரே வகுத்துக்கொள்ள நேர்கிறது.

ஒப்பிடும் தகுதியோ இருவகைப்படும்: முழு வரிசை, பகுதி வரிசை. முழு எண்களுக்கு முன்னதும் உண்டு. மிதவை எண்களுக்குப் பின்னது மட்டுமே. எனவே, முழு வரிசையை வேண்டும் சார்பிடம் மிதவை எண்களைக் கொடுத்தால் தொகுப்பான் மறுத்துவிடும். புதிதாகக் கற்போர் இதனைப் பிடிவாதம் என எண்ணுவர். உண்மையில் அஃது, 'ஒப்பிட இயலாத நிலை வந்தால் என் செய்வாய்?' என முன்கூட்டியே கேட்கும் கேள்வியாகும்.

இக்காவலும் முழுமையானதன்று. 'குறைவு' என்னும் குறியை நேரே இட்டால் ரஸ்ட் மொழியும் தடை சொல்லாது. ஆதலின், 'குறைந்தால் எச்சரிக்க' என்பதை விடுத்து, 'உறுதிக் காரணி 1 அல்லது அதனினும் மிகுதி என நிறுவப்பட்டாலன்றி எச்சரிக்க' என எழுதுவதே அறிவுடைமை. அவ்வாறு எழுதினால், கெட்ட கணக்கும் மணியை ஒலிக்கச் செய்யும். மலையடிவாரத்தில் உறங்கும் குடும்பத்திற்கு, வீணாக ஒலித்த மணியினும் ஒலிக்கத் தவறிய மணியே பெருங்கேடு விளைப்பது.