கவ்வாத்து முறையில் கடைக்குப் பூச்சு

காணியை விட்டு வந்த குடும்பங்கள் பல இன்று மலைநாட்டில் சிறு கடையை நம்பி வாழ்கின்றன. தேநீர்க் கடை, பலசரக்குக் கடை, மரக்கறிக் கடை, தையல் அறை எனப் பலவகை. வயலில் வருமானம் அறுவடையோடு வரும்; கடையில் அன்றன்று வரும். ஒரு கிழமை கடையைப் பூட்டினால் வீட்டு அடுப்பும் தடுமாறும். வழக்கமாக வருபவர்கள் அடுத்த கடைக்குப் போய்ப் பழகிவிடுவார்கள். கொப்பிக் கடனை வசூலிப்பதும் கடினமாகும்.

ஆனால் பனியும் ஈரமும் உள்ள இந்த மலையில் சுவர் விரைவில் பூஞ்சணம் பிடித்துக் கறுத்துவிடும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் அதைச் சுட்டிக்காட்டுவார். பூச்சும் வேண்டும், வியாபாரமும் நிற்கக்கூடாது. என்ன செய்யலாம்?

வழி தேயிலைத் தோட்டத்திலேயே இருக்கிறது. எந்தத் தோட்டமும் எல்லா மலைகளையும் ஒரே வருடத்தில் கவ்வாத்து வெட்டுவதில்லை. ஒரு மலையை வெட்டும்போது மற்ற மலைகளில் கொழுந்து பறிக்கிறார்கள். அதனால் தொழிற்சாலைக்குக் கொழுந்து வருவது நிற்பதில்லை. கடைக்குப் பூச்சு அடிப்பதும் இப்படியே நடக்க வேண்டும்.

காலத்தைத் தெரிவு செய்தல்

ஹற்றன், நோர்வூட், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கங்களில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. அப்போது பூச்சு காயாது. தீபாவளிக்கு முன் அடிப்பது வழக்கமானாலும், அந்த நாட்களில் பிற்பகல் இடிமழை அதிகம். தைப்பொங்கல் முடிந்து மார்ச் வரையுள்ள காலமே இங்கு நல்லது. ஊவாப் பக்கத்தில் நிலைமை வேறு. அங்கு டிசெம்பர், ஜனவரியில் மழை, ஜூன் முதல் ஓகஸ்ட் வரை வெயில். நுவரெலியா நகரில் கடை வைத்திருப்பவர்கள் ஏப்ரல் வசந்த காலக் கூட்டம் வருமுன் வேலையை முடித்துவிட வேண்டும்.

மாதத்திலும் நாள் பார்க்க வேண்டும். தோட்டத்தில் சம்பளம் போடும் நாட்களிலும் அட்வான்ஸ் நாட்களிலும் தூரிகையைத் தொடக்கூடாது. கையில் காசு குறைந்திருக்கும் இடைக் கிழமையே ஏற்றது.

பகுதி பகுதியாக

முதலில் கூரை ஒழுகலை அடையுங்கள். ஒழுகும் சுவரில் அடித்த பூச்சு உரிந்துவிடும். பூஞ்சணத்தைக் கழுவி, சுவரை நன்றாகக் காயவிடுங்கள்.

பின்பு கடையை இரண்டு மூன்று பகுதிகளாகப் பிரியுங்கள். ஒரு பகுதிச் சாமான்களை மற்றப் பக்கம் நகர்த்தி, நடுவே தறப்பாள் கட்டி, ஒரு பக்கத்தை மட்டும் அடியுங்கள். மேலிருந்து கீழாக வேலை நடக்கட்டும். மூடுபனி விலகிய பின் தொடங்கி, பிற்பகல் 3 மணிக்குள் நிறுத்தினால் மாலைக் குளிருக்கு முன் ஓரளவு காய்ந்துவிடும். பலகைக் கதவுகளுக்குப் பின்புறம் எண் எழுதி, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று பலகைகளைக் காலையிலேயே அடியுங்கள். இரவில் கடையைப் பூட்டத் தடையிராது.

முதலில் சிறு கடை

அறை மிகச் சிறியதானால் பிரிக்க முடியாது. அப்போது கோயில் திருப்பணியை நினைத்துப் பாருங்கள். கும்பாபிஷேகத்துக்கு முன் பாலஸ்தாபனம் செய்து, தற்காலிக இடத்தில் பூசையைத் தொடர்வார்கள். அப்படியே வாசலிலோ பக்கத்து வீட்டுத் திண்ணையிலோ ஒரு மேசை போடுங்கள். எல்லாச் சாமானும் வேண்டியதில்லை. அரிசி, மா, சீனி, பருப்பு, சவர்க்காரம், தீப்பெட்டி போன்ற அன்றாடப் பொருட்கள் போதும். ஒரு கிழமை முன்பே எல்லோருக்கும் சொல்லி, வாசலில் அறிவித்தலும் எழுதி வையுங்கள்.

மணமும் நெருப்பும்

தேயிலைத் தூள் எந்த மணத்தையும் விரைவில் உறிஞ்சிவிடும். மா, பாண் போன்றவையும் அப்படியே. இவற்றைப் பூச்சு நடக்கும் அறையில் வைக்காமல், மூடிய தகரங்களில் வேறிடத்தில் வையுங்கள். எனாமல் பூச்சும் தின்னரும் எளிதில் தீப்பற்றும். அருகில் அடுப்பு எரியக்கூடாது. சாப்பாட்டுக் கடைச் சுவருக்கு நீரில் கரையும் பூச்சு அல்லது சுண்ணாம்பு போதும், மணம் குறைவு.

பழைய பூச்சில் ஈயம்

இலங்கையில் பூச்சுகளில் ஈயத்தின் அளவைக் கட்டுப்படுத்தும் விதி 2013 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த கதவு, யன்னல் பூச்சில் ஈயம் இருக்கலாம். அந்தத் தூள் சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பாரிஸ் நகரின் ஈபெல் கோபுரத்தில்கூட, பழைய பூச்சின் ஈயத்தால் 2021இல் பூச்சு வேலையை இடைநிறுத்தினார்கள். ஆகவே உலர்வாகச் சுரண்டாதீர்கள்; நனைத்துத் தேயுங்கள். பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் தள்ளி வையுங்கள். தூளை ஈரத் துணியால் துடைத்து எடுங்கள்.

கணக்கும் பேச்சும்

10 அடி அகலம், 12 அடி நீளம், 8 அடி உயரமுள்ள அறையின் நான்கு சுவர்களும் 352 சதுர அடி. ஒரு லீற்றர் பூச்சு ஒரு தடவைக்கு ஏறக்குறைய 100 சதுர அடிக்கு வரும் என்று கொண்டால், இரண்டு தடவைக்கு 7 லீற்றர் வேண்டும். சுவர் கரடானால் இன்னும் கூடும். பெயின்ட் பாஸிடம் மொத்தப் பணத்தையும் முன்கூட்டிக் கொடுக்காமல், ஒவ்வொரு பகுதி முடிந்ததும் கொடுக்கப் பேசிக்கொள்ளுங்கள். அப்போது அவர் பாதியில் வேறு வேலைக்குப் போகமாட்டார்.

வாடகைக் கடையானால் உரிமையாளரிடமும், லயத்து அறையானால் தோட்ட நிர்வாகத்திடமும் முதலில் கேளுங்கள். செலவை வாடகையில் கழிப்பதாக உடன்பட்டால் அதை எழுத்தில் வாங்குங்கள். இடம்பெயர்ந்தவர் சொந்தக் காசில் அழகாக்கிய கடையை, மறுமாதமே கூடுதல் வாடகைக்கு இன்னொருவருக்குக் கொடுத்துவிடும் ஆபத்து உண்டு. ஒரு துண்டுக் கடதாசி அந்த இழப்பிலிருந்து உங்களைக் காக்கலாம்.

இத்தனைக்கும் பெரிய முதல் தேவையில்லை. நாளும் நேரமும் பார்த்து, பகுதி பகுதியாகச் செய்யும் பொறுமை போதும். பயிர் செய்த கைகளுக்கு அது புதிதல்ல.